ஆசிரியர் அமைதி
இசைப் பேராசிரியரைப் போற்றும் நெறி பற்றிய ஓர் ஆய்வு

கலைஞரையும் கலையாசிரியரையும் மேடையேற்றிப் போற்றும் வழக்கம் நம்மவரிடையே பெருகி வருகின்றது. கோயில் மண்டபத்திலும் கல்லூரி அரங்கிலும் வாசிகசாலை முன்றிலிலும் இத்தகைய விழாக்கள் நிகழ்கின்றன. மங்கல விளக்கேற்றல், தேவாரம், வரவேற்புரை, பொன்னாடை, மாலை, வாழ்த்துப்பா, பாராட்டுரை, ஏற்புரை, நன்றியுரை என்னும் ஒழுங்கிலே விழா நடந்து முடிகின்றது. இவ்வழக்கம் நல்லதே. கற்பித்தவரை மறக்கும் சமுதாயம் கற்றதனையும் விரைவில் மறந்துவிடும். ஆயினும் பாராட்டுதலும் ஒரு கலையே. அதற்கும் பிழையுண்டு, திருத்தமுண்டு. பாடலைத் திறனாயும் நாம் பாராட்டினையும் திறனாய்தல் வேண்டும். பல்கலைக்கழகங்களிலும் அவற்றோடொத்த கலாசாலைகளிலும் இசை கற்பித்த பெரியோரை நாம் எவ்வாறு போற்றுகின்றோம், எவ்வாறு போற்றுதல் தகும் என்னும் வினாவினை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்வேன்.

இவ்வினா எனக்கு ஏட்டிலிருந்து எழவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் சண்டிலிப்பாய்ப் பகுதியிலே, பல்கலைக்கழகத்தில் இசை பயின்று நெடுங்காலம் பிள்ளைகளுக்குக் கற்பித்த ஆசிரியை ஒருவருக்குப் பாராட்டு விழா எடுத்தனர். பேசியோர் அறுவர். “இசைக்கடல்” என்றார் ஒருவர். “கலைமகளின் மறுவடிவம்” என்றார் இன்னொருவர். “கலைக்கே தம்மை அர்ப்பணித்தவர்” என்றார் மூன்றாமவர். எஞ்சிய மூவரும் இவற்றையே முறைமாற்றிக் கூறினர். அவ்வறுவருள் யானும் ஒருவன். கூட்டம் கலைந்து கதிரைகளை அடுக்கும் வேளையிலே அவ்வம்மையாரின் பழைய மாணவி ஒருத்தி என்னிடம் வந்து, “ஐயா, சுருதி சேராத பிள்ளையை ரீச்சர் ஒருநாளும் ஏசினதில்லை. ஒரு கிழமை பாடவிடாமல் தம்பூராவை மட்டும் கேட்கச் சொல்லுவா. அதுக்குப் பிறகுதான் சட்சம் பிடிக்கச் சொல்லுவா. நான் அப்பிடித்தான் பாடப் பழகினனான்” என்றாள். எங்கள் ஆறு உரைகளிலும் இல்லாத செய்தி அவ்வொருத்தியின் வாய்மொழியில் இருந்தது. யாம் புகழ்ந்தோம், அவள் அறிந்து சொன்னாள். அன்று தொட்டு என் நெஞ்சினை உறுத்திய குறையே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

இனி, நம் முன்னோர் இதனை எவ்வாறு செய்தனர் எனப் பார்ப்போம். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை மாதவியின் அரங்கேற்றத்தைப் பாடுவது. ஆயின் மாதவி அரங்கில் ஏறுமுன்னர் இளங்கோவடிகள் அவளுக்குக் கற்பித்தோரையும் துணைநின்றோரையும் ஒருவர் பின் ஒருவராக நம்முன் நிறுத்துகின்றார். ஆடலாசிரியன், இசையாசிரியன், இயற்றமிழ்ப் புலவன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என அவ்வரிசை செல்கின்றது. இவ்வறுவரின் இலக்கணங்களையும் உரைமரபு ‘அமைதி’ என்னும் சொல்லாற் குறிக்கும். அமைதி என்பது ஈண்டு ஒருவரிடத்தே தொழிலுக்குரிய தகுதிகள் அமைந்துள்ள தன்மையைக் குறித்தது.

அவ்விலக்கணங்களை ஊன்றி நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். அங்கே வெறும் புகழ்ச்சி இல்லை. யாழும் குழலும் தாளமும் மிடறும் தண்ணுமையும் கூத்தும் ஆகிய யாவும் உணர்ந்து அவற்றை ஒன்றோடொன்று இசைவிக்க வல்லவன் இசையாசிரியன் என்கின்றார். பாட்டியற்றிய புலவன் கருதிய பொருளை அறிந்து அது சிதையாமற் பண்ணில் அமைக்கும் திறனையும் அவனுக்கு வேண்டுகின்றார். தண்ணுமை ஆசிரியனோ பிற கருவிகளிடத்து நேரும் குறையை நிரப்பவும் மிகையை அடக்கவும் அறிந்தவன். தன் முழக்கத்தினால் மற்றையோரை மூழ்கடியாதவன். இவ்வாறு ஒவ்வோர் ஆசிரியனுக்கும் அவனவன் செய்கையே புகழாக நிற்கின்றது. ஒருவனுக்குக் கூறியதை எடுத்து இன்னொருவனுக்குச் சூட்ட இயலாது. நம் மேடைகளில் வழங்கும் பாராட்டுரையையோ பெயரை மட்டும் மாற்றி எவருக்கும் வாசிக்கலாம். இதுவே இரண்டற்கும் உள்ள வேற்றுமை.

இக்காதையின் முடிவும் சிந்தித்தற்குரியது. ஆடல் முடிந்தபின் அரசன் அளித்த சிறப்பு யாவும் மாதவிக்கே சென்றன. தலைக்கோற் பட்டமும் மாலையும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் அவள் பெற்றாள். ஆசிரியர் அறுவருக்கும் அரசன் என்ன அளித்தான் என்பது காதையிற் கூறப்படவில்லை. அரசன் தந்த அம்மாலை பின்னர்க் கூனியின் கையில் நகரத்து வீதிக்கு வந்து விலை கூறப்பட்டது. அதனை வாங்கியதனாலே கோவலன் வாழ்வு திசைமாறிற்று. மன்னன் இட்ட மாலை வீதியில் விலைப்பொருளாயிற்று. புலவன் எழுதிய ஆசிரியர் அமைதியோ இன்றளவும் நம் கையில் இருக்கின்றது. மாலை வேண்டாவென்று இளங்கோவடிகள் கூறினாரல்லர். ஆயின் எது நிலைக்கும் என்பதனைக் காவியத்தின் அமைப்பே காட்டிவிடுகின்றது.

இவ்வளவுகோலைக் கைக்கொண்டு, பல்கலைக்கழகங்களில் இசை வளர்த்த சிலரைக் காண்போம். குருகுலத்தில் இருந்த இசை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே பல்கலைக்கழகத்துட் புகுந்தது. குருவின் வீட்டில் ஆண்டுக்கணக்காகத் தங்கிக் கேள்வியினாற் கற்றதனை, மணிக்கணக்கும் பாடத்திட்டமும் பரீட்சையும் உள்ள வகுப்பறையிலே எவ்வாறு கற்பிப்பது என்னும் சிக்கல் அப்பொழுது எழுந்தது. அச்சிக்கலை ஒவ்வொருவரும் ஒவ்வொரு வகையால் எதிர்கொண்டனர். ஆதலின் அவர்தம் அமைதிகளும் வேறுபடும்.

முதலாவதாகப் பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி. இவர் 1901இல் பிறந்து 1973இல் மறைந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் இசைத்துறைக்குத் தலைமை தாங்கியவர். 1931இல் ஜேர்மனியின் மியூனிச் நகர் சென்று மேனாட்டிசையினை முறையாகப் பயின்று மீண்டார். தென்னிந்திய இசை பற்றி ஆங்கிலத்தில் ஆறு பாகங்களாக அவர் ஆக்கிய நூலும், இசைச்சொற்களுக்கும் இசைவாணருக்கும் அவர் தொகுத்த அகராதியும் இசை மாணாக்கர் பல தலைமுறையினருக்குக் கைந்நூல்களாயின. 1971இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருதளித்தது. ஆயின் விருதின் பெயரைச் சொல்வதனால் அவர் செய்த பணி விளங்காது. கேள்வி வழியே வந்த கல்வியைப் படிப்படியாக அடுக்கி, தொடக்க மாணவன் இதனைக் கற்க, அடுத்த ஆண்டில் இதனைக் கற்க என ஓர் ஒழுங்கு வகுத்ததே அவருடைய அமைதி. இன்று நம் பாடசாலைகளில் இசை ஒரு பாடமாக நிற்பதற்கு இவ்வாறான ஒழுங்கமைப்பே அடிப்படை. அதன் மறுபுறத்தையும் கூறுதல் வேண்டும். இராக இலட்சணத்தைப் பிழையின்றி எழுதி, அவ்விராகத்தில் நான்கு சுரம் பாட அறியாத மாணாக்கரும் இம்முறையினால் தோன்றினர். குற்றம் நூலினுடையதன்று, நூலைக் குருவுக்கு மாற்றாகக் கொண்ட நம்முடையது.

இவருக்கு நேர் எதிர்நிலையில் நிற்பவர் டைகர் வரதாச்சாரியார். 1876இல் பிறந்த இவர் பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் மாணாக்கர். 1932இல் சங்கீத கலாநிதி விருது பெற்றவர். சென்னைச் சங்கீத வித்வத் சபையின் இசையாசிரியர் கல்லூரியிலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர்க் கலாக்ஷேத்திரத்திலும் கற்பித்து 1950இல் மறைந்தார். இவருடைய குரல் இனிமையானதென்று எவரும் கூறிலர். இராகத்தின் உள்ளே புகுந்து அதன் வடிவத்தை அவ்வப்போது புதிதாகக் காணும் கற்பனையே இவர்தம் செல்வம். அது நூலில் அடங்குவதன்று, உடனிருந்தோர்க்கே வாய்ப்பது. கலாக்ஷேத்திரத்தில் அவரிடம் பயின்ற எம். டி. இராமநாதன், தாம் இயற்றிய உருப்படிகளில் ‘வரததாச’ என்னும் முத்திரையைப் பொறித்துத் தம் குருவின் பெயரை நிலைநிறுத்தினார். இராமநாதனுடைய தாழ்ந்த குரலும் ஆறுதலான நடையும் வேறெவரிடமும் காண்டற்கரியன. தம் குரலையோ நடையையோ படியெடுக்க வேண்டாது, மாணவனின் இயல்பை அவனிடமே வளரவிட்டமைக்கு அவர் சான்றாக நிற்கின்றார். ஆசிரியருக்கு மாணாக்கன் செய்த இச்சிறப்பினை எப்பொன்னாடையோடு ஒப்பிடுவது?

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் யாழ்ப்பாணத்தவர்க்கு அயலிடமன்று. 1929இல் அது நிறுவப்பட்ட காலந்தொட்டு அதன் இசைக்கல்லூரி நம் நாட்டு மாணாக்கரையும் ஈர்த்தது. அங்குப் பயின்று ‘சங்கீதபூஷணம்’ என்னும் பட்டத்தோடு மீண்டோர் யாழ்ப்பாணக் கல்லூரிகளில் இசையாசிரியராயினர். அப்பட்டம் ஒரு காலத்தில் பெயரின் பகுதியாகவே இங்கு வழங்கிற்று. அப்பல்கலைக்கழகத்தில் இசைத்துறைக்குத் தலைமை தாங்கியவருள் எம். எம். தண்டபாணி தேசிகர் ஒருவர். 1942இல் வெளிவந்த ‘நந்தனார்’ படத்தினால் அவரை ஊரறியும். தேவாரப் பண்ணிசையில் ஊறிய ஒருவர் பல்கலைக்கழக வகுப்பறையில் அமர்ந்து தமிழ்ப் பாடல்களைக் கற்பித்தமையினை அவ்வளவாக எவரும் அறியார். திரை தந்த புகழ் வகுப்பறை தந்த பயனை மறைத்தமைக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

இனி நம் நாட்டின் பெருமகன் விபுலானந்த அடிகள். 1892இல் காரைதீவிற் பிறந்த இவர், துறவு பூணுமுன் பண்டிதர் மயில்வாகனனார் என விளங்கியவர். இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரியாகவும் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதராகவும் இருந்தமை அவருக்கே உரிய சிறப்பு. 1920இல் நம் அயலூராகிய மானிப்பாயின் இந்துக் கல்லூரியில் அதிபராயிருந்தார் என்பது இப்பகுதி மாணாக்கர் பலர் அறியாத செய்தி. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியரானார். அவர் இசை கற்பிக்க நியமிக்கப்பட்டவரல்லர். ஆயினும் பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர் இசைக்குச் செய்யக்கூடிய மிகப்பெரிய தொண்டினை அவரே செய்தார். 1947 ஆனி மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிய ‘யாழ் நூல்’ அத்தொண்டு. அடுத்த மாதமே, 1947 யூலை 19இல், அடிகள் மறைந்தார்.

யாழ் நூல் எதிலிருந்து தோன்றியதென்பது நம் பொருளுக்கு மிக இயைந்தது. அரங்கேற்று காதையில் யாழாசிரியன் அமைதி கூறும் அடிகளுக்கு விரிவுரையாகவே அந்நூல் அமைந்தது. ஓர் ஆசிரியனின் தகுதியைத் திட்பமாகக் கூறிய சில அடிகள், பல நூற்றாண்டுகள் கழித்து, மறைந்த கருவியொன்றின் நரம்புகளையும் சுருதிகளையும் கணித்தறிவதற்கு ஆதாரமாயின. இளங்கோவடிகள் “யாழாசிரியன் கலைக்கடல்” என்று மட்டும் பாடிவிட்டிருந்தால் அடிகளுக்கு ஆராய என்ன இருந்திருக்கும்? திட்பமான பாராட்டு ஆவணமாகும். வெற்றுப் புகழ் காற்றோடு போகும். அதே காவியத்தின் இசைப் பகுதியையே பின்னர் எஸ். இராமநாதன் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ந்தார். பாடகராகவும் ஆராய்ச்சியாளராகவும் விளங்கிய அவருக்கு 1985இல் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது.

விபுலானந்த அடிகளுக்கு நாம் சிலை வைத்தோம், விழா எடுக்கின்றோம். மட்டக்களப்பிலே கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் அவர் பெயரைத் தாங்கி நிற்பது பொருத்தமான சிறப்பே. ஆயினும் சிலைக்கு மாலையிடுவோருள் யாழ் நூலின் ஓர் இயலையேனும் முறையாகக் கற்றோர் எத்துணையர் என நம்மையே நாம் வினவிக்கொள்ளுதல் நன்று. அந்நூல் கடினமானது; கணிதமும் இசையும் பழந்தமிழும் ஒருங்கே வேண்டுவது. அதனைக் கற்பிக்க ஒரு வகுப்பு நடத்துதல் அவருக்குச் செய்யும் சிறந்த விழாவாகும்.

வெஸ்லியன் பல்கலைக்கழகத்தைக் குறித்தமையால் ரி. விஸ்வநாதனையும் நினைத்தல் தகும். வீணை தனம்மாளின் பெயரர், பாலசரஸ்வதியின் தம்பியார், புல்லாங்குழல் வித்துவான். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் வெஸ்லியனிலும் கற்பித்து 2002இல் மறைந்தார். நம் பிள்ளைக்குத் தோடியைக் கற்பிக்கும் ஆசிரியருக்கு ஓர் உதவி உண்டு. கோயில் வீதியிலே நாதசுரத்தில் அப்பிள்ளை அதனை முன்னரே கேட்டிருக்கும். அத்தகைய செவிப்பழக்கம் சிறிதுமில்லாத அந்நிய மாணாக்கருக்குக் கமகத்தைக் கற்பித்தல் வேறொரு தொழில். எதனையும் “கேட்டுத் தெரிந்துகொள்” என்று விடாது, பிரித்துக் காட்டி விளக்க வேண்டும். விஸ்வநாதனும் அவர் சகோதரர் இரங்கநாதனும் அதனைச் செய்தனர். அவர்களிடம் பயின்ற ஜோன் ஹிக்கின்ஸ் ‘பாகவதர்’ எனத் தமிழ்நாட்டு இரசிகராலேயே அழைக்கப்பட்டார். 1992இல் அமெரிக்க நாட்டின் தேசிய மரபுக் கலை விருது விஸ்வநாதனுக்கு வழங்கப்பட்டது. அந்நாட்டார் தம் நாட்டு மரபுக் கலைஞருள் ஒருவராக அவரை ஏற்றுக்கொண்டமை இவ்விருதின் பொருள். இத்தகைய சிறப்பு, பணியின் தன்மையை அறிந்து அளிக்கப்பட்டதாகும்.

இனி வீட்டுக்குத் திரும்புவோம். சண்டிலிப்பாயிலிருந்து சில கல் தொலைவிலே மருதனார்மடம் உள்ளது. அங்கே 1960இல் சேர் பொன். இராமநாதன் பெயரால் நிறுவப்பட்ட நுண்கலைக் கழகம் ஈழத்தின் இசைக்கல்விக்கு ஒரு திருப்பம். அதற்கு முன்னர் உயர்நிலை இசைக்கல்வி நாடியோர் கடல் கடக்க வேண்டியிருந்தது. வட இலங்கைச் சங்கீத சபை தரந்தோறும் பரீட்சை நடத்தி அடித்தளம் இட்டிருந்தது. அதன்மேல் எழுந்த மாடம் இக்கழகம். மகாராஜபுரம் சந்தானம் போன்ற பெருவித்துவான்கள் இங்கு வந்து அதிபராயிருந்து கற்பித்தனர். 1975இல் இக்கழகம் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகத்தோடு இணைந்தது. பின்னர் வந்த போர்க்காலத்தின் இடம்பெயர்வுகளையும் இழப்புகளையும் தாங்கி, அங்குக் கற்றோர் வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் இசை கற்பித்து வருகின்றனர்.

இந்நிலத்தின் ஆசிரியருள் இணுவில் வீரமணி ஐயரை ஒரு சோதனைக் கல்லாகக் கொள்ளலாம். 1931இற் பிறந்து 2003இல் மறைந்த இவரை, மயிலைக் கற்பகாம்பாள் மீது இளமையில் இயற்றிய ஒரு பாடலினாலேயே தமிழுலகம் அறியும். ரி. எம். சௌந்தரராஜன் குரலில் அப்பாடல் கடல் கடந்து சென்றது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1999இல் அவருக்குக் கௌரவ முதுகலைமாணிப் பட்டம் வழங்கியது. அவர் பற்றிய பாராட்டுரைகள் யாவும் அவ்வொரு பாடலில் தொடங்கி அதிலேயே முடிவதனைக் காண்கின்றோம். ஆயின் அவர் ஆசிரிய கலாசாலையில் விரிவுரையாளராக இருந்து ஆசிரியர்களையே உருவாக்கியவர். நம் நாட்டுக் கோயில்கள் பலவற்றின் மீது பாடல்கள் புனைந்தவர். ஒரு பாடல் ஒரு குரலில் ஒலிக்கும். ஓர் ஆசிரியரை உருவாக்கினால் அவ்வாசிரியரின் வகுப்புகள் தோறும் அது ஒலிக்கும். எது பெரிதென்று நாம் துணிந்து கூறியதில்லை.

இவ்விடத்தே இரண்டு தடைகள் எழலாம். “ஆசிரியருக்கு விருதும் பொருளும் வேண்டாவோ? வெறும் எழுத்தினால் வயிறு நிறையுமோ?” என்பது ஒன்று. வேண்டும் என்பதே விடை. முதுமையில் வறுமையுற்ற கலைஞருக்குப் பொற்கிழி தேவை. அதனைக் காலந்தாழ்த்தாது கொடுத்தல் அறம். பொருளும் கொடுக்க, பணியையும் கூற. ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது. இரண்டாவது தடை, “இசையறியாத நாம் இசையாசிரியரின் நுட்பத்தை எவ்வாறு கூறுவது?” என்பது. இது நியாயமானதே. ஆயின் அதற்கு விடை என்னிடம் வந்த அம்மாணவியின் வாயிலேயே இருந்தது. அவள் இசை விமரிசகர் அல்லள். கற்பிக்கப்பட்ட முறையை நினைவிற் கொண்டிருந்தாள். மாணாக்கரின் நினைவே ஆசிரியர் அமைதிக்கு முதற்சான்று. பேசுவதற்கு அமைச்சரையும் அதிகாரியையும் தேடும் நாம் மாணாக்கரை முன்வரிசையில் அமர்த்துவதோடு நின்றுவிடுகின்றோம்.

கல்வளைப் பிள்ளையார் கோயில் உள்ள ஊர் இது. பதினெட்டாம் நூற்றாண்டிலே நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் அப்பெருமான் மீது கல்வளையந்தாதி பாடினார். புலவரின் பெயரும் நூலும் ஏட்டினால் நம்மிடம் எய்தின. அக்காலத்தே அதே கோயிலில் பண்ணொடு பாடியவர் யார்? அவர்க்குக் கற்பித்தவர் யார்? எழுதி வைத்தார் இலர். ஒலியாகிய இசை, எழுதாவிடத்து ஒரு தலைமுறையில் மறைந்துபோம். இன்று நம்மிடம் ஒலிப்பதிவுக் கருவி கைத்தொலைபேசியிலேயே உள்ளது. ஆதலின் நமக்குச் சாக்கு இல்லை.

முடிவாக, இம்மலரினைப் படிக்கும் ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் பழைய மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம். அடுத்த பாராட்டு விழாவிலே வாழ்த்துப்பாவினைச் சுருக்கி, நான்கு வினாக்களுக்கு மாணாக்கர் விடை கூறட்டும். இவ்வாசிரியர் முதற்பாடத்தை எவ்வாறு தொடங்கினார்? பாட இயலாத பிள்ளையை எவ்வாறு நடத்தினார்? தம் குருவிடம் பெற்றதில் எதனைக் காத்தார், எதனை மாற்றினார்? எந்த உருப்படியை இவர் கற்பித்தவாறே கற்பிக்க இன்று எவர் உளர்? இவ்விடைகளை எழுதி, ஒலியையும் பதிந்து, கல்லூரி நூல்நிலையத்தில் வைப்போமாயின் ஆண்டுக்கு ஒருவரது அமைதியேனும் அழியாது நிற்கும்.

பெயர் குறியாது யான் முன்னர்ச் சொன்ன அந்த ஆசிரியைக்கு அன்று நாங்கள் போர்த்திய பொன்னாடை இப்பொழுது அவர் வீட்டு அலுமாரியில் மடிந்து கிடக்கலாம். ஒரு கிழமை தம்பூராவைக் கேட்கச் செய்த அவரது முறையினை இங்கு எழுதிவிட்டேன். அவருக்கு யான் அன்று செய்யத் தவறிய பாராட்டு இதுவே.